மோட்டார் எரிந்தால் யார் கணக்கு? தண்ணீர் ஒப்பந்தத்தில் ரிஸ்க்கைப் பங்கு பிரிக்கும் வழி

ஊராட்சியும் ஒரு தனியார் கம்பெனியும் போட்ட தண்ணீர் ஒப்பந்தத்தை யாராவது என் கையில் கொடுத்தால், விலை எவ்வளவு என்று நான் முதலில் பார்ப்பதில்லை. கரன்ட் பில் யார் கட்டுவது, மோட்டார் எரிந்தால் யார் செலவில் தூக்குவது, மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்று தேடுவேன். முத்திரைத்தாள் இருக்கும், படம் இருக்கும், கட்டடத்துக்கு என்ன கலர் பெயின்ட் என்பது வரை இருக்கும். இந்த மூன்றும் பெரும்பாலும் இருக்காது.

குடிநீர்த் திட்டங்களில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஊராட்சிகள் சில, ஆர்.ஓ. நிலையத்துக்கோ (உப்புத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடம் கணக்கில் விற்கும் இடம்) பம்பு பராமரிப்புக்கோ ஒப்பந்தம் போடும்போது "ஒருவாட்டி வந்து உக்காருங்க சார்" என்று கூப்பிடும். அப்படி உட்காரும்போது என்ன செய்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நகராட்சித் திட்டத்துக்கும் முறை இதுதான், தொகைதான் கோடிக்குப் போகும்.

மேசையில் யார் யார்?

அரசு, தனியார், ஊர் மக்கள் என்று மூன்று தரப்பு என்பார்கள். உட்கார்ந்து பார்த்தால் அதற்கு மேல் இருக்கும். அரசு என்றால் ஊராட்சி மட்டுமா? கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊர் எல்லை வரை தண்ணீர் கொண்டுவருவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், அதற்கப்புறம் தொட்டியும் தெருக்குழாயும் ஊராட்சி. மின்வாரியம் இரண்டிலும் சேராது, மேசைக்கும் வராது. ஆனால் மோட்டாரின் ஆயுள் அவர்கள் கொடுக்கும் வோல்டேஜில்தான் இருக்கிறது. மேசைக்கு வராதவரால் வரும் ரிஸ்க்கை யார் தலையில் வைப்பது என்பதுதான் பாதிச் சண்டை.

தனியாரிலும் கட்டுகிறவர் வேறு, ஓட்டுகிறவர் வேறு. இரண்டு பேராக இருந்தால், ஒழுகும் குழாய்க்கு ஓட்டுகிறவர் கட்டியவரைக் காட்டுவார், கட்டியவர் ஓட்டுகிறவரைக் காட்டுவார். சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நகராட்சி 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் போட்டபோது இந்த ஓட்டையை அடைத்தார்கள். தெருவில் குழாய் பதிப்பதும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதும் ஒரே ஏலதாரர் பொறுப்பு. பதித்த குழாயைச் சில ஆண்டுகள் அவரே பராமரிக்க வேண்டும், நிலையத்தை நீண்ட காலம் அவரே ஓட்டவும் வேண்டும். நாளைக்குத் தன் வாசலிலேயே வந்து நிற்கும் என்று தெரிந்தால் மூட்டு போடுகிற கை கொஞ்சம் ஒழுங்காகப் போடும்.

மூன்றாவது தரப்பு ஊர். கிராம சபையில் கைதூக்கிய ஐந்நூறு பேரை ஒப்பந்தத்தில் சேர்க்க முடியாது. கையெழுத்துப் போடவும் வங்கிக் கணக்கு வைக்கவும் கூடிய ஓர் அமைப்பு வேண்டும்: மகளிர் சுய உதவிக் குழு, கிராமக் குடிநீர் சுகாதாரக் குழு, நகரமென்றால் குடியிருப்போர் சங்கம். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் இந்தக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்கலாம், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. விதிக்காக மட்டும் பெயர் எழுதிவிட்டு வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் நான் வேலையைத் தொடங்குவதில்லை. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவர்கள் இல்லாமல் அடுத்த படி நடக்காது.

ஆற்றிலிருந்து குடம் வரை நடங்கள்

ரிஸ்க் பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் பூகம்பம், வெள்ளம், போர் என்று வரும். போரென்றால் யுத்தம், ஆழ்துளைக் கிணறு இல்லை! டேங்க் ஆபரேட்டரோடு போர்வெல்லில் தொடங்கி கடைசித் தெருக்குழாய் வரை நடந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இங்க என்னல்லாம் கெட்டுப்போயிருக்கு?" கோடையில் போர் எத்தனை அடி இறங்கும், எந்த கேட் வால்வு முழுசாக மூடாது, எந்தத் தெருவில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் பட்டியல்.

அதோடு கண்ணுக்குத் தெரியாததையும் சேர்க்க வேண்டும்: எதிர்பார்த்த அளவு ஆட்கள் வாங்காமல் போவது, வசூல் நிற்பது, மின்கட்டணம் ஏறுவது, சட்டமோ கோர்ட் உத்தரவோ மாறுவது, தேர்தலில் தலைவர் மாறுவது, கம்பெனி திவாலாவது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். இதை நடக்காமல் தடுக்க யாரால் முடியும்? யாராலும் முடியாதென்றால், நடந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? செலவு வந்தால் எவர் மூழ்காமல் தாங்குவார்? முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் ரிஸ்க் அவருடையது, பேச்சுக்கே இடமில்லை. கிடைக்காவிட்டால்தான் மற்ற இரண்டும். நடைமுறையில் நாலாவதாக ஒரு கேள்விதான் ஒப்பந்தங்களை எழுதுகிறது: யார் இன்று மேசையில் இல்லை? இல்லாதவர் தலையில் கட்டிவிடுவார்கள். அதற்காகத்தான் முதலில் ஆட்களைக் கூட்டச் சொன்னேன்.

மோட்டார்: ஒரே ஒரு ரிஸ்க்கை முழுசாகப் பிரித்துப் பார்க்கலாம்

ஓர் ஊராட்சியில் ஆர்.ஓ. நிலைய ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். "மோட்டார் பழுது, ஓட்டுபவர் பொறுப்பு" என்று ஒரே வரி. கம்பெனிக்காரர் தலையாட்டினார். சுய உதவிக் குழு அக்கா ஒருவர் மட்டும் விடவில்லை.

"ஏனுங்க சார், மோட்டார் போச்சுன்னா இவரு கரன்ட்டுதான் காரணம்பாரு. தலைவரு ஈ.பி.யக் கேளுங்கம்பாரு. அவிய சண்டை முடியற வரைக்கும் நாங்க எங்கீங்க போறது?"

அவர் கேட்டது சரிதான். மோட்டார் ஒரு காரணத்தால் எரிவதில்லை. குறைந்தது மூன்று உண்டு, மூன்றுக்கும் கணக்கு வேறு வேறு. மும்முனை மின்சாரத்தில் 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 340, 350 என்று இறங்கிவிட்டால் மோட்டார் அதே வேலைக்கு அதிக ஆம்பியர் இழுத்து, சூடாகி, உள்ளே சுற்றிய கம்பிச்சுருள் எரிந்துபோகும். போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினாலும் போகும், ஆனால் அப்போது ஆம்பியர் ஏறாது, இறங்கும். மூன்றாவது, பேனல் போர்டில் டிரை ரன் தடுப்பும் (தண்ணீர் இல்லாமல் சுற்றினால் நிறுத்துவது) ஃபேஸ் தடுப்பும் (மும்முனையில் ஒன்று வராவிட்டால் நிறுத்துவது) அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று யாரோ வயரை நேராகக் கொடுத்து ஓட்டுவது. இது கோடையில் எல்லா ஊரிலும் நடக்கும். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே அந்த ஒரு வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினோம். பேனலில் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் வேலை செய்ய வேண்டும். மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் ஆபரேட்டர் இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும், வாரம் ஒருமுறை குழுவில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மோட்டார் போனால் அந்த நோட்டைத் திறப்போம். வோல்டேஜ் இறங்கி ஆம்பியர் ஏறியிருந்தால் செலவு ஊராட்சிக்கு. மின்வாரியத்தில் மனுக் கொடுத்து டிரான்ஸ்பார்மர் கேட்க ஊராட்சியால்தான் முடியும், கம்பெனி எழுதும் கடிதத்துக்கு அங்கே பதில் வராது. ஆம்பியர் இறங்கியிருந்தால் நீர்மட்டக் கோளாறு, ஊராட்சியும் கம்பெனியும் பாதிப் பாதி. தடுப்பை நேராகக் கொடுத்திருந்தாலோ நோட்டே எழுதாமல் விட்டிருந்தாலோ முழுதும் கம்பெனிக்கு.

இதில் முக்கியமான வரி கடைசியில் சேர்த்ததுதான். காரணம் யாருடையதாக இருந்தாலும், கம்பெனி தன் செலவில் முதலில் மோட்டாரைத் தூக்கிச் சரிசெய்து ஓட்டிவிட வேண்டும். கணக்கை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் காலைக்குள் ஓடவில்லை என்றால் லாரித் தண்ணீர், அதன் செலவும் அதே கணக்கில் ஏறும்.

கம்பெனிக்காரர் முதலில் முகம் சுளித்தார். ஆனால் பழைய வரிப்படி எல்லாப் பழுதும் அவர் தலையில் என்பதால் விலையிலேயே அதைச் சேர்த்து வைத்திருந்தார். புதிய வரிக்கு ஒரு குடத்தின் விலையைக் கொஞ்சம் குறைக்க ஒத்துக்கொண்டார். "எல்லா ரிஸ்க்கும் கம்பெனிக்குத்தான், நாங்க சாமர்த்தியமா எழுதிட்டோம்" என்று பெருமைப்படும் தலைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தன்னால் தடுக்க முடியாததைத் தலையில் ஏற்றினால் கம்பெனி அதற்கு விலை போடும். இல்லையென்றால் நடந்த அன்று காணாமல் போகும்.

வாங்க ஆள் வருமா?

எனக்குத் தெரிந்து அதிகம் பணம் தின்றது இந்த ரிஸ்க்தான். எங்கள் பக்கத்துக் கதையே போதும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் சுற்றுவட்டாரக் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கித் துணி நனைத்துக்கொண்டிருந்த காலம். தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ, உள்கட்டமைப்புக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனமான ஐ.எல். அண்ட் எஃப்.எஸ்., திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் ஆகியவை சேர்ந்து 1995ல் ஒரு கம்பெனி தொடங்கின: புதிய திருப்பூர்ப் பகுதி வளர்ச்சிக் கழகம். பவானி ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல், 30 ஆண்டு உரிமை. சாயப்பட்டறைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் அளவில் விற்று, அந்த வரவில் நகருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் மலிவாகக் குடிநீர் கொடுப்பது என்று கணக்கு. யோசனையில் குறை சொல்ல முடியாது. அரசு, தனியார், தண்ணீர் வாங்குகிறவர்களின் சங்கம் மூன்றும் ஒரே கம்பெனியில். இந்தியாவில் தனியார் முதலீட்டுத் தண்ணீர்த் திட்டங்களுக்கு இதுதான் முன்னோடி.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வது என்று அவர்கள் நன்றாகவே யோசித்திருந்தார்கள், தண்ணீர்ப் பற்றாக்குறைக் காலத்துக்கென்றே தனி நிதி ஒதுக்கினார்கள். அடி வேறு பக்கமிருந்து வந்தது. நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். திறந்தவையும் கழிவைச் சுத்திகரித்து அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கின. குழாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது, 45 ரூபாய் கொடுத்து வாங்க ஆள் இல்லை. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. கடைசியில் கடனை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று.

ஒரே தொழிலை நம்பி நிற்கும் திட்டமென்றால் அந்தத் தொழிலின் எல்லா நோயும் உங்களுக்கும் வரும் என்று எழுதி வையுங்கள். சாயக்கழிவு வழக்கு இரகசியமில்லை. திட்டம் தீட்டும்போதே விவசாயிகள் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

சின்ன ஊரிலும் இதே கதைதான், கோர்ட் இல்லாமல். ஆர்.ஓ. நிலையம் நாளுக்கு இத்தனை குடம் விற்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அடுத்த வருடம் ஊராட்சியே வீட்டுக்கு வீடு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் கொடுக்கும். நிலையத்தில் ஈ ஓட்டுவார்கள். இந்த ரிஸ்க்கைத் தடுக்கவோ முன்கூட்டிச் சொல்லவோ யாரால் முடியும்? ஊராட்சியால்தான். அதனால் "ஒப்பந்தக் காலத்தில் புதிய குடிநீர் ஏற்பாடு வந்தால் ஆறு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும், விற்பனை இந்த அளவுக்குக் கீழே போனால் மாதக் கட்டணத்தை மறுபடி பேச வேண்டும்" என்று ஒரு வரி. பக்கத்துத் தெருவில் தனியார் கேன் வியாபாரி வந்தால்? அது கம்பெனியின் சொந்தத் தொழில் ரிஸ்க், அதற்கு ஊராட்சி ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

பெரிய திட்டத்தில் குறைந்தபட்ச அளவுக்கு உத்தரவாதம் கேட்பார்கள். கொடுக்கலாமா? ஆலந்தூரில் கொடுத்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு நகராட்சி பணம் தரும் என்றிருந்தது. ஆனால் அதற்கு முன்பே ஊரிடம் டெபாசிட் வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடை, தொழிற்சாலைக்கு 10,000. தவணையிலும் கட்டலாம். குழாயே பதிக்காத நேரத்தில் 5,000 ரூபாய் கேட்பது லேசான காரியமா? அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதியும் குடியிருப்போர் சங்கங்களும் தெருத் தெருவாகப் பேசினார்கள். பணம் கட்டியவர் இணைப்பு வாங்காமல் விடுவாரா? டெபாசிட் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தது. திட்டச் செலவில் ஒரு பங்கு வந்தது, தேவை உண்மையா என்பதும் தெரிந்தது. மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற மேம்பாட்டு நிதியத்தின் கடன். ஒப்பந்ததாரருக்கும் வங்கிக்கும் அந்த டெபாசிட் ரசீதுகளைவிட நல்ல சர்வே கிடைக்காது.

என் விதி: முன்பணம் கட்டிய வீடுகளின் எண்ணிக்கைக்கு மேல் குறைந்தபட்ச அளவு உத்தரவாதம் கொடுக்காதீர்கள். "மக்கள் வருவாங்க சார்" என்பதற்கெல்லாம் கையெழுத்துப் போடக் கூடாது.

விலையும் நாணயமும்

மின்கட்டணம் ஏறினால் குடத்தின் விலை ஏற வேண்டும். இதை ஒளிக்க வேண்டியதில்லை. யாரும் தடுக்க முடியாத செலவு, எனவே சூத்திரம் எழுதிவிடலாம்: மின்சாரம் மொத்தச் செலவில் எவ்வளவு பங்கோ அந்தப் பங்குக்கு மட்டும் விலை ஏறும், வருடத்துக்கு ஒரே முறை, இத்தனை சதவீதத்துக்கு மேல் போகாது. அதற்கு மேல் போனால் ஊராட்சி மானியம் கொடுக்கிறதா, விலையை ஏற்றுகிறதா என்று கிராம சபை முடிவு செய்யட்டும். யூனிட் விலை ஏறுவதைத்தான் சொல்கிறேன். பழைய பம்பு அதிக யூனிட் இழுத்தால் அது ஓட்டுகிறவர் கணக்கு. தனி மீட்டர் வைத்து, ஆயிரம் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று வரம்பு போட்டால் இரண்டும் குழம்பாது.

நாணய ரிஸ்க்கை, அதாவது டாலருக்கு எதிராக நம் பணத்தின் மதிப்பு இறங்குவதை, உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே தாண்டுவார்கள். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் என்ன ஆயிற்று தெரியுமா? 1997ல் நகரின் தண்ணீர் சேவையை இரண்டாகப் பிரித்து இரண்டு கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். அரசு நிறுவனத்தின் பழைய வெளிநாட்டுக் கடனில் சுமார் 90 சதவீதம் மேற்குப் பகுதியை எடுத்த மேனிலாட் தலையில் ஏறியது, கிழக்குப் பகுதி எடுத்தவருக்குச் சுமார் 10 சதவீதம். அதே வருடம் ஆசிய நிதி நெருக்கடியில் அந்நாட்டு நாணயமான பெசோ சரிந்தது. மக்கள் பெசோவில் கட்டுகிறார்கள், கடன் டாலரில். சில ஆண்டுகளில் மேனிலாட் தாக்குப்பிடிக்காமல் கைதூக்கிவிட்டது. கிழக்குப் பகுதிக் கம்பெனி தப்பியது. இரண்டுக்கும் நிர்வாகத்தில் வேறு வித்தியாசங்களும் உண்டு, ஆனால் அந்தக் கடன் பங்கீடு ஒன்றே போதும். நம் ஆர்.ஓ. நிலையத்தில் இதே ரிஸ்க் சின்ன அளவில் மெம்பிரேனில் வரும், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வில். பெரும்பாலும் இறக்குமதி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றும்போது என்ன விலை இருந்தாலும் கம்பெனி தாங்குமா, உயர்வில் பாதியை ஊர் ஏற்குமா என்று இன்றே எழுதினால் மூன்றாம் வருடம் சண்டை இல்லை.

எதிர்ப்பக்கத்துத் தவறு பொலிவியாவின் கோச்சபம்பா நகரம். அங்கே தண்ணீர் சேவையை எடுத்த கம்பெனிக்கு ஆண்டுக்குச் சுமார் 16 சதவீத வருமானம் உறுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் எந்தச் செலவு ஏறினால் அவருக்கு என்ன? எல்லாம் கட்டணத்தில் வந்து விழும். ஊர்க்காரர்கள் தாங்களே போட்டுக்கொண்ட கிணறுகளும் சிறு குழாய்த் திட்டங்களும் கையை விட்டுப் போகுமென்ற பயம் வேறு. 2000 ஏப்ரலில் தெருப்போராட்டத்துக்குப் பின் ஒப்பந்தமே ரத்து.

ஊர் எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் நடக்கும் கட்டுமானச் செலவில் 10 சதவீதம் ஊரின் பங்கு. மலை, காட்டுப் பகுதிகளிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அதிகமுள்ள ஊர்களிலும் 5 சதவீதம். பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். இது நியாயம். ஊர் இன்னும் சிலவற்றையும் தாங்கலாம், அதுவும் நன்றாகத் தாங்கும்: தெருக்குழாயை உடைப்பது, மோட்டார் வைத்து உறிஞ்சுவது, மாதக் கட்டணம் பாக்கி. இவற்றைக் கம்பெனியால் தடுக்க முடியாது, தெருக்காரர்களால் முடியும். வசூலைக் குழுவிடம் கொடுத்து, வசூலில் ஒரு பங்கைக் குழுவுக்கே விடுங்கள். கம்பெனி ஆள் வந்து கேட்டால் கொடுக்காத வீடு பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் கொடுக்கும். உண்மையிலேயே கொடுக்க முடியாத வீடு எது என்பதும் அந்த அக்காவுக்குத்தான் தெரியும். அந்த வீடுகளின் பட்டியலை முன்பே எடுத்து ஊராட்சி ஏற்றுக்கொள்ளட்டும், வசூல் குறைவு என்று குழுவின் தலையில் போடக் கூடாது.

நிலத்தடி நீர் வற்றுவதும் தண்ணீரின் தரம் கெடுவதும் ஊர் தாங்கக் கூடாதவை. குழுவில் கையெழுத்திட்ட பெண்களுக்கு ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியுமா, நாக்குக்குத் தெரியுமா? இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இது தாண்டியதால்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது. ஆக, போரிலிருந்து வரும் தண்ணீரின் தரம் ஊராட்சி பொறுப்பு, நிலையத்திலிருந்து வெளியே போகும் தண்ணீரின் தரம் கம்பெனி பொறுப்பு. இரண்டு இடத்திலும் மாதிரி எடுத்து, கம்பெனியோடு தொடர்பில்லாத ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். டி.டி.எஸ். மீட்டரை நீட்டி "பாருங்க, 60தான் காட்டுது" என்பதைப் பரிசோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

ஆர்.ஓ. கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். உள்ளே போகும் தண்ணீரில் பாதியோ அதற்கு மேலோ உப்பேறி வெளியே வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் ரிஸ்க் அவர் கிணற்றுக்குப் போகிறது.

பணத்தை முதலில் ஒதுக்குங்கள்

யார் பொறுப்பு என்று எழுதிவிட்டுப் பணம் எங்கே என்று எழுதாவிட்டால் பயனில்லை. ஊராட்சிக் கணக்கிலிருந்து மோட்டாருக்குப் பணம் எடுக்கத் தீர்மானம், மதிப்பீடு, பில் என்று நாள் ஓடும். தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, மோட்டாரை ஒருமுறை முழுசாக மாற்றும் அளவு அதில் எப்போதும் இருக்கும்படி செய்யுங்கள். தொடக்கத்தில் கம்பெனியும் ஊராட்சியும் போடட்டும், பிறகு குடத்துக்கு இத்தனை காசு என்று தானாக ஏறட்டும். ஊராட்சித் தலைவர், குழுத் தலைவி இருவர் கையெழுத்து. எடுத்த பணத்தை எத்தனை மாதத்தில் திரும்ப நிரப்புவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இது விட்டுப்போனால் முதல் பழுதோடு கணக்கு காலி.

ஒரு பக்கத்தில், தமிழில்

வக்கீல் எழுதும் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ரிஸ்க் அட்டவணையை மட்டும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, அது ஒப்பந்தத்தின் பகுதி என்று சேர்த்து, மூவரும் கையெழுத்திடுங்கள். நாலு நெடுவரிசை: என்ன நடந்தால், எதை வைத்து முடிவு செய்வது, யார் செலவு, எத்தனை நாளில். இரண்டாவது நெடுவரிசை காலியாக இருக்கும் வரி எதுவும் நிற்காது. அங்கே நோட்டோ மீட்டரோ ஆய்வக அறிக்கையோ இருக்க வேண்டும், "பேசித் தீர்க்கப்படும்" என்று எழுதினால் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தப் பக்கத்தைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாக்குங்கள். தலைவர் மாறினால் "அது பழைய ஆளு போட்டதுங்க" என்று புதியவர் கைகழுவுவதற்கு இதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. வருடா வருடம் அன்றைக்கு அட்டவணையை எடுத்து, போன வருடம் உண்மையில் என்ன கெட்டது, யார் கட்டினார் என்று பக்கத்தில் எழுதுங்கள். கோடை தொடங்கும் நேரம், வேலைக்கும் பொருந்தும்.

கடைசியாக, ஒப்பந்தம் முடியும் நாள். இதை யாரும் பேசவே விரும்புவதில்லை, கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிக் கேட்டதுபோல் பார்ப்பார்கள். கடைசி வருடத்தில் கம்பெனி புது மெம்பிரேன் போடாது, வால்வு மாற்றாது. அதனால் கடைசி ஆறு மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை அந்தத் தனிக் கணக்கில் நிறுத்தி வையுங்கள். வெளி ஆள் ஒருவரை வைத்து பம்பு எத்தனை லிட்டர் தள்ளுகிறது, மெம்பிரேன் எந்த நிலையில் இருக்கிறது, பேனலில் எது வேலை செய்யவில்லை என்று சோதித்து, குறையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். அன்றைக்கே பேனலின் வயரிங் படம், போர் ஆழமும் மோட்டார் இறக்கிய அடியும் எழுதிய தாள், கார்டு போட்டால் தண்ணீர் விடும் மெஷினின் பாஸ்வேர்டு, எல்லாப் பூட்டுக்கும் இரண்டாவது சாவி ஆகியவற்றைக் குழுத் தலைவியிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.